ஊர்ச் செய்திக்கு அரைப்பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் வாரம் ஒருமுறையாவது அரைப்பக்கத்தை ஊர்ச் செய்திகளுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். வெட்டுக்குத்து, விபத்து, அமைச்சர் வருகை ஆகியவற்றுக்கு ஏற்கெனவே தாராளமாக இடம் இருக்கிறது. நான் கேட்பது வேறு. பிசான நெல் சாகுபடிக்கு முன் வாய்க்கால் மராமத்து எப்போது தொடங்குகிறது, அம்மன் கொடை விழாவுக்குக் கால்நாட்டு என்றைக்கு, ஊராட்சி எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவிட்டது, நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பவையும், காலமெல்லாம் வீடு வீடாகப் பால் ஊற்றிய ஓர் அம்மா காலமானால் அவரைப் பற்றிய நான்கு வரியும் அச்சில் வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த எண்ணம் எனக்கு இங்கிலாந்தில் உண்டானது. என் மகளும் மருமகனும் அந்நாட்டின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறார்கள். பேரன் பிறந்ததை ஒட்டி நானும் என் மனைவியும் அங்கே சென்று சில மாதங்கள் தங்கியிருந்தோம். நம் கணக்குக்கு அது ஒரு தெருகூடத் தேறாத ஊர். சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய பழைய தேவாலயம், தொடக்கப் பள்ளி, ஊர்ப் பொதுக்கூடம், பேருந்து நிழற்குடை, சுற்றிலும் பார்லியும் சர்க்கரை எடுப்பதற்காக விளைவிக்கும் பீட்ரூட்டும் பயிராகும் வயல்கள், அவ்வளவுதான். ஆயினும் அந்த ஊருக்கென்று மாதந்தோறும் ஒரு செய்தித்தாள் வருகிறது. வெளிர் மஞ்சள் தாளில் கறுப்பு மையில் அச்சிட்டு, நடுவில் இரண்டு பின் அடித்த சில பக்கங்கள். ஓய்வுபெற்ற ஒருவர் தம் நாயை நடத்திச் செல்லும்போதே ஒவ்வொரு வீட்டுக் கதவுத் துவாரத்திலும் ஒரு பிரதியைச் செருகிவிட்டுப் போவார். குழாய் பழுது பார்ப்பவரும் புகைபோக்கி துடைப்பவரும் தரும் சிறு விளம்பரங்களில் அச்சுக்கூலி தேறிவிடும் என்றார்கள்.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். தீர்மானப் புத்தகத்தையும் பேரேட்டையும் புரட்டியே கண் பழகியவன் ஆகையால், அத்தாளில் முதலில் தேடியது கணக்கைத்தான். கணக்கு இருந்தது. பாரிஷ் கவுன்சில் எனப்படும் அவ்வூர் மன்றம் புல்வெட்டிய கூலி, நிழற்குடையில் உடைந்த கண்ணாடியை மாற்றிய செலவு, தெருவிளக்கு மின்கட்டணம், எழுத்தரின் சம்பளம் என்று ஒவ்வொன்றையும் பவுண்டிலும் பென்ஸிலும் எழுதியிருந்தது. விசாரித்தபோது இது யாரோ ஒருவரின் நல்ல மனத்தால் நடப்பதன்று, விதிப்படி நடப்பது என்று தெரிந்தது. ஆண்டு வரவு செலவு 25,000 பவுண்டுக்கு மேற்படாத சிறிய மன்றங்கள் 100 பவுண்டைத் தாண்டிய ஒவ்வொரு செலவினத்தையும் பொதுமக்கள் பார்க்க வெளியிட்டாக வேண்டும். அதற்கு மேலும், ஜூலை மாதத்தின் முதல் பத்து வேலை நாட்களை உள்ளடக்கி மொத்தம் 30 வேலை நாட்களுக்குக் கணக்குப் புத்தகங்களையே நேரில் பார்வையிட ஊராருக்கு உரிமை உண்டு. மன்றத்துக்கு வேண்டிய பணம் வீட்டு வரியோடு சேர்ந்தே வசூலாகிறது; வரிச் சீட்டில் மன்றத்தின் பங்கு தனி இனமாக அச்சிடப்பட்டிருப்பதால், தன் கையை விட்டுப் போன தொகை இன்னது என்று வரி கட்டுகிறவருக்குத் தெரியும். தெரிந்த பிறகுதானே கேள்வி பிறக்கும்? நம்மிடத்தில் இதே விவரத்தைப் பெற, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டுவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டியுள்ளது. அவர்கள் தாளின் பின்பக்கத்தில் சும்மா கிடக்கும் செய்தி அது.

கணக்கைத் தவிர மற்றவற்றையும் சொல்ல வேண்டும். மன்றக் கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன் ஊரில் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்கள் மகள் வீட்டுக்கு எதிரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மரப்பலகை அதற்கென்றே நின்றது. கூட்டத்தில் பேசப்பட்டவை அடுத்த மாதத் தாளில் சுருக்கமாக வரும். யார் வீட்டுக்குப் பின்னால் அறை எடுத்துக் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார், பாதையில் நாய் அசிங்கம் செய்வதை எப்படித் தடுப்பது, குழி விழுந்த சாலையைப் பற்றிக் மாவட்ட அளவிலான கவுன்டி மன்றத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததா, எந்த வாரம் எந்த நிறக் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்க வேண்டும், நூலக வண்டி எந்த நேரத்தில் எந்த முக்கில் நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இலையுதிர் காலத்தில் பீட்ரூட் தோண்டும் வண்டிகள் வயலிலிருந்து சாலைக்கு இழுத்துவரும் சேற்றைப் பற்றி மாதாமாதம் ஒரு சண்டையே நடந்தது. கார் வைத்திருப்பவர் ஒருவர் வழுக்கலைப் பற்றிக் குறைப்பட்டு எழுத, அடுத்த மாதம் விவசாயி ஒருவர், சேறு இல்லாமல் உங்கள் தேநீருக்குச் சர்க்கரை வராது என்று பதில் எழுதியிருந்தார். இருவரும் பெயரைப் போட்டே எழுதினார்கள் என்பதை நான் குறித்துக்கொண்டேன். நம் ஊரில் அந்தச் சண்டை வாட்ஸ்அப் குழுவில் பெயர் தெரியாத எண்ணிலிருந்து நடந்து, கடைசியில் குழுவையே இரண்டாக உடைத்திருக்கும்.

கோடையில் நடந்த ஊர் விழாவையும் பார்த்தேன். கேக்கின் எடையை ஊகித்துச் சொல்பவருக்கே அந்தக் கேக், பரிசுச் சீட்டு, பழைய புத்தகக் கடை, கயிறு இழுக்கும் போட்டி என்று ஏழெட்டுக் கடைகள். அவற்றில் ஒன்று, கம்பத்தின் மேல் தேங்காயை வைத்துப் பந்தால் எறிந்து வீழ்த்தும் விளையாட்டு. தென்னந்தோப்புக்குள் வளர்ந்த எனக்கு, ஒரு தேங்காயை வீழ்த்திய பையன் அதை ஊரெல்லாம் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தது சிரிப்பாக இருந்தது. ஆனால் மறுமாதத் தாளில், எந்தக் கடையில் எவ்வளவு வசூல், செலவு போக மிச்சம் எவ்வளவு, அதில் தேவாலயக் கூரைக்கு எவ்வளவு, பொதுக்கூடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தபோது சிரிக்கத் தோன்றவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் வெள்ளைக்காரர் ஊரைப் பார்த்து வாய்பிளந்து வந்தவன் என்று என்னை யாரும் எண்ண வேண்டாம். அந்தச் சிற்றூர்களுக்கும் குறைகள் நிறைய. நார்ஃபோக்கின் வடகரையோரத்தில் வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்கிப் பூட்டிப் போடுவதால், அந்தந்த ஊரில் பிறந்த இளைஞர்களுக்கு வீடு வாங்க வழியில்லாமல் போகிறது. கடையும் அஞ்சலகமும் மூடப்பட்ட ஊர்கள் பல. பேருந்து அரிதாகத்தான் வரும். மன்ற உறுப்பினர் இடத்துக்குப் போட்டியிட ஆளில்லாமல், இருக்கிறவர்களே ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இடத்தை நிரப்புவதும் சாதாரணம். செய்தித்தாளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். அவர்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு என் மகளின் ஊரிலும் விடை இல்லை.

வரலாற்றைப் பார்த்தால் ஒரு பொருத்தம் தெரிகிறது. இங்கிலாந்தில் பாரிஷ் கவுன்சில்களை உண்டாக்கிய சட்டம் 1894இல் வந்தது; அதுவரை தேவாலயத்தின் கூட்டத்தில் முடிவான ஊர்க் காரியங்கள் அதன்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு மாறின. திருமணமான பெண்கள் உட்படப் பெண்கள் வாக்களிக்கவும் உறுப்பினராகவும் அச்சட்டம் இடம் தந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் அந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததோ 1918இல். நம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. நூறு ஆண்டு பின்னால் வந்தாலும் நம் சட்டம் பல வகையில் முன்னால் நிற்கிறது: உள்ளாட்சியில் சரிபாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் திருத்தினோம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த கிராம சபை நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை ஊரையே கூட்டுகிறோம். இங்கிலாந்தில் வாக்காளர் அனைவரையும் அழைக்கும் ஊர்க்கூட்டம் மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் ஆண்டுக்கு ஒருமுறை கூடினால் சட்டத்துக்குப் போதும். அதற்கும் பல ஊர்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் வருகிறார்கள். மக்கள்தொகையைப் பொறுத்து ஐம்பது முதல் முந்நூறு பேர் வரை கூடியிருந்தால்தான் நம் கிராம சபை செல்லும்.

ஆக, கூடுவதில் நமக்குக் குறையில்லை. கூடிப் பேசியது கூட்டம் கலைந்ததும் காற்றோடு போவதே குறை. கணக்கு வாசிக்கப்படுகிறது, ஒலிபெருக்கி கரகரக்க, பின்வரிசையில் இருப்பவருக்கு இலட்சமா கோடியா என்று தெரிவதற்குள் அடுத்த இனத்துக்குப் போய்விடுகிறார்கள். தீர்மானப் புத்தகம் ஊராட்சி அலுவலகப் பீரோவுக்குள் போனால் அடுத்த கூட்டத்தில்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். வேலைக்குப் போனதால் வர முடியாதவர்களும், மும்பை தாராவியிலும் சென்னையிலும் கடை வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களும் எதையும் அறிய வழியில்லை.

முடிவெடுத்ததை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைப்பது நமக்கு அந்நிய வழக்கமுமன்று. சங்கரன்கோவில் சாலையில் உள்ள நம் மானூரின் சிவன் கோயில் கல்வெட்டு, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் அவ்வூர்ச் சபையார் வகுத்த விதிகளைச் சொல்கிறது. சபையில் பேச யாருக்குத் தகுதி உண்டு என்பதோடு, எதைக் கொண்டுவந்தாலும் கூடாது கூடாது என்று குறுக்கே நிற்பவரும் அவருக்குத் துணை போகிறவரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும் என்றும் அதில் வெட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்தத் தண்டத்தை வசூலித்தால் சில ஊராட்சிகளுக்கு வேறு வருமானமே தேவைப்படாது. அது நிலமுள்ள அந்தணர்களின் சபை. உழுதவர்களுக்கு அங்கே வாயில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், விதியைக் கோயிலில் கல்லில் வெட்டி வைத்ததால்தான் இன்றும் அது நம் கண்ணுக்குக் கிடைக்கிறது.

நம் அம்மன் கொடையிலும் சுடலைமாடன் கொடையிலும் இந்த ஒழுங்கு இன்னும் இருக்கிறது. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி பிரித்து, வில்லுப்பாட்டுக்கு, மேளத்துக்கு, பந்தலுக்கு, வாணவேடிக்கைக்கு என்று செலவு எழுதி, கொடை முடிந்தபின் கோயில் முன்னால் உட்கார்ந்து வரி கொடுத்தவர்கள் நடுவில் கணக்கு வாசிப்பார்கள். அங்கே ஒரு ரூபாய் இடித்தாலும் கேட்பதற்கு நாலு பேர் எழுந்துவிடுவார்கள். ஊராட்சிக் கணக்கில் இலட்சக்கணக்கில் புரளும்போது அதே ஆட்கள் வாய்மூடி இருப்பதற்கு அச்சம் மட்டும் காரணமன்று. கொடைக் கணக்கு அவர்கள் கைக்கு வருகிறது, ஊராட்சிக் கணக்கு வருவதில்லை.

தேவாலயங்கள் உள்ள ஊர்களில் நடக்கும் அறுப்பின் பண்டிகையையும் இங்கே நினைக்கிறேன். இங்கிலாந்தில் இன்றைய வடிவிலான அறுவடைத் திருவிழாவை 1843இல் கார்ன்வால் பகுதியில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற பாதிரியார் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். என் மகளின் ஊரிலும் பூசணியும் ஆப்பிளும் ரொட்டியும் பீடத்தருகே குவிந்தன. மாலையில் பொதுக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து உண்டபின் அவற்றை ஏலம் விட்டார்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி பக்கத்தில் நடக்கும் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு அது மந்தமாகவே தோன்றும். ஒரு கட்டு முருங்கைக்காயைச் சந்தை விலைக்குப் பத்து மடங்கு ஏற்றிக் கேட்டு, எடுத்தவரே அதைத் திரும்ப ஏலத்துக்குக் கொடுத்து, அது மூன்றாம் முறையும் விலைபோகும் கலகலப்பு அங்கே இல்லை. அசனம் என்னும் பொது விருந்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் பந்தி பந்தியாக உட்கார்ந்து உண்ணும் ஏற்பாடும் அவர்கள் கனவிலும் காணாதது. ஆனாலும் அவர்களுடைய நாற்பது பேர் விருந்து அச்சில் ஏறி ஊர் வரலாற்றில் சேர்ந்துவிட்டது. நம்முடைய ஆயிரம் பேர் பந்தி, அதற்கு நெல் கொடுத்தவர், விறகு பிளந்தவர், விடியவிடிய அண்டாவில் கிண்டியவர் யாருடைய பெயரும் இல்லாமல் கழிந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் நம் ஊர்ச் செய்தி இங்கிலாந்துக்கே போய்க்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே பணியாற்றிய மிஷனரிகள் திருநெல்வேலிச் சீமைச் சிற்றூர்களின் மழை, பஞ்சம், பள்ளிக்கூடம், காலரா ஆகியவற்றைப் பற்றி எழுதிய கடிதங்கள் அங்கே அச்சாகி, நம் நாட்டை ஒருநாளும் காணாதவர்களால் படிக்கப்பட்டன. பாளையங்கோட்டை சாரா தக்கர் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த அம்மையார் இந்தியாவுக்கே வந்ததில்லை. சென்னையில் இருந்த தம் சகோதரர் வழியாக வந்த செய்திகளைக் கொண்டே நம் பெண்களின் கல்வியில் அக்கறை கொண்டவர் அவர். வெளிநாட்டாருக்குச் சொல்லத் தகுந்ததாக இருந்த செய்தி, அடுத்த தெருக்காரருக்குச் சொல்லத் தகாததாக ஆகிவிட்டதா? அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் டெர்பி நகரத்து எர்ஸ்கின் கிளார்க் என்ற பாதிரியார் 1859இல் தொடங்கிய முறை ஒன்று தங்களுக்கு நேரடியாகப் பயன்படக் கூடியது. எல்லா ஊருக்கும் பொதுவான பக்கங்களை ஒரே இடத்தில் மலிவாக அச்சிட்டு அனுப்பிவிடுவார்; ஒவ்வொரு திருச்சபையும் தன் ஊர்ச் செய்தி அடங்கிய சில பக்கங்களை மட்டும் தனியே அச்சிட்டு அதனுடன் சேர்த்துத் தைத்துக்கொள்ளும். மாவட்டத்துக்கொரு பதிப்பு போடும் தங்களைப் போன்ற நாளிதழுக்கு, மாவட்டத்திலிருந்து ஊருக்கு இன்னும் ஒரு படி இறங்குவது பெரிய காரியமன்று.

சிறிய செய்தி விலைபோகாது என்று யாராவது சொன்னால், தங்கள் இதழிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. அணைகளில் பாபநாசம் 143 அடியில் எவ்வளவு, சேர்வலாறு 156 அடியில் எவ்வளவு, மணிமுத்தாறு 118 அடியில் எவ்வளவு, மலையில் உள்ள ஊத்திலும் நாலுமுக்கிலும் நேற்று மழை எத்தனை மில்லிமீட்டர் என்ற அந்த நான்கைந்து வரியைத்தான் மழைக்காலத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் முதலில் படிக்கிறார்கள்.

மழையைச் சொன்னதால் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களைச் சொல்லாமல் விட முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணி கரைகடந்தபோது, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டதும், பக்கத்து ஊரார் தம் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குச் சோறு போட்டதும் எல்லாரும் அறிந்தவை. மின்சாரம் போய், செல்பேசிக் கோபுரங்கள் அடங்கியபின் வாட்ஸ்அப் எதற்கும் உதவவில்லை. ஆற்றின் மேல்பகுதி ஊரில் கண்முன்னால் ஏறிய வெள்ளத்தைக் கீழ்ப்பகுதி ஊருக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. நார்ஃபோக்காரர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கியபோது, வடக்கே முங்கிய கரையிலிருந்து தெற்கே உள்ள ஊர்களுக்கு வெள்ளம் வந்துசேர மணிக்கணக்கில் ஆகியும் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே முன்னறிவிப்பு ஏற்பாடு உருவாயிற்று. இன்று அப்பகுதி ஊர்களில் வெள்ளக் காலத்துக்கென்று பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். பொதுக்கூடத்துச் சாவி யாரிடம், தனியாக வாழும் முதியவர் வீட்டுக்கு யார் போவது என்பவற்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். ஐப்பசி பிறக்கும் முன், டிராக்டர் யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம், பரிசல் யாரிடம், மேட்டுத் தெருவில் எந்தக் கட்டடம் திறந்திருக்கும் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து வரி தங்கள் இதழில் வந்தால், அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைக்காத வீடு இராது.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்துச் சிற்றூரின் தாள் நம்மிடத்தில் அப்படியே நடக்காததற்குப் பெரிய காரணம் பணமுமன்று, படிப்புமன்று. ஊர்க்கூட்டம் என்று நாம் சொல்வது பல இடங்களில் ஒரு சமுதாயத்தின் கூட்டம்; ஊர்க் கொடை என்பதும் அப்படியே. மேலத்தெருச் சாவுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை நாற்சந்தியில் நிற்கும். அதே வாரம் கீழத்தெருவில் ஒருவர் இறந்தது இரண்டு தெரு தாண்டித் தெரியாது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது முற்றிலும் சரி. ஒரு சாராரைப் பறையடித்து ஓட வைத்து மற்றவர்கள் திண்ணையில் இருந்து கேட்ட வழக்கம் அது. அதற்குப் பதில் வந்த ஒலிபெருக்கி வண்டியோ வரி பாக்கியைச் சொல்ல மட்டுமே தெருவுக்குள் வருகிறது.

ஆகவே அந்த அரைப்பக்கத்தை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைத்தால் அது அவர் தெருவின் பக்கமாகத்தான் முடியும். என் யோசனை, ஒவ்வோர் ஊரிலும் எழுதும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் தரலாம் என்பது. அவை எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. கூட்டம் கூடித் தீர்மானம் எழுதவும், சேமிப்பும் கடனும் பைசா பிசகாமல் பதியவும் பழகியவை. எங்கள் சங்கத்துக்குக் கடனுக்கு வந்த குழுக்களின் பதிவேடுகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவற்றின் கையெழுத்தும் கணக்கும் எங்கள் சங்கத்துப் பதிவேட்டைவிடத் திருத்தமாக இருந்ததுண்டு. மேலத்தெருக் குழு ஒன்றும் கீழத்தெருக் குழு ஒன்றும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பினால் மட்டுமே அந்த ஊரின் செய்தி வெளியாகும் என்று தாங்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தால் போதும். தொடக்கத்தில் பல ஊர்களிலிருந்து ஒன்றுமே வராது. பக்கத்து ஊர்ச் செய்தி இரண்டு முறை வந்துவிட்டால் நம் ஆட்களுக்குப் பொறுக்காது. மூன்றாம் முறை தாமாகவே எழுதுவார்கள்.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது. பூப்பு நீராட்டு, காதுகுத்து, பிறந்தநாள் வாழ்த்து, பொன்னாடை போர்த்தும் படம் ஆகியவற்றுக்கு இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அரைப்பக்கமும் அதிலேயே போய்விடும். செலவுக் கணக்கு எழுதினால் ரசீதைப் பார்த்து எழுத வேண்டும், தவறாக வந்தால் அடுத்த முறை அதே இடத்தில் திருத்தம் வர வேண்டும். மறுப்பு எழுதுகிறவர் ஊராட்சித் தலைவராக இருந்தாலும் அவருக்கும் அதே அளவு இடந்தான்.

திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாப்பாக்குடி, மானூர், பாளையங்கோட்டை, நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர், இராதாபுரம் என ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. வாரத்துக்கு ஓர் ஒன்றியமாக எடுத்துக்கொண்டால் ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை சுற்று வந்துவிடும். தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களை அதன்பின் சேர்த்துக்கொள்ளலாம். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. தங்கள் இதழின் அந்தப் பக்கத்தை அவற்றின் வாசல் சுவரில் ஒட்டுவதற்கு ஊராட்சிகள் இசைந்தால், காசு கொடுத்து நாளிதழ் வாங்காதவர்களும் படிப்பார்கள். இங்கிலாந்தில் 1935இல் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகள் பயனற்றுப் போனபோது, ஒரு பவுண்டு கொடுத்து ஊர்மன்றங்கள் அவற்றை வாங்கிக்கொண்டு குட்டி நூலகமாக மாற்றியதை நான் பார்த்தேன். அந்தக் கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடமிராது. நம் நூலகங்களுக்கு ஒரு குறைவும் இல்லை, திறந்து வைக்க ஆள்தான் வேண்டும்.

தாங்கள் இசைந்தால் சேரன்மகாதேவி ஒன்றியத்தில் எங்கள் ஊரின் பங்கை அனுப்பப் பெண்கள் குழுக்கள் இரண்டிடம் பேசியிருக்கிறேன். ஒன்று சம்மதித்துவிட்டது, மற்றொன்று கணக்கைப் போடுவதால் வம்பு வருமா என்று யோசிக்கிறது. இப்போதைக்குக் கைவசம் உள்ள செய்திகள் இவை: எங்கள் மடையின் அடைப்புப் பலகை உடைந்து, பிசான நாற்றுக்குத் தண்ணீர் கட்ட முடியாமல் இருக்கிறது, கீழத்தெருக் கைப்பம்பு சரிசெய்யப்பட்டுவிட்டது, அதன் செலவு ரசீது இன்னும் காட்டப்படவில்லை, நூலகம் மாலை நான்கு முதல் ஆறு வரை திறக்கும் என்று பலகையில் எழுதியிருக்கிறது, ஐந்து மணிக்குப் போனால் பூட்டியிருக்கிறது. கடைசித் தேதியையும் வரி அளவையும் தெரிவித்தால் எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.